அந்தப் பூஜ்யங்களைப் பற்றி

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. உன் பைத்தான் புரோகிராம், தேடிய கீ (பதிவின் பெயர்) இல்லை என்று 'கீ எரர்' காட்டி நடுவில் நின்றுபோனது, கீயும் அதன் மதிப்புமாக ஜோடி ஜோடியாகச் சேர்த்துவைக்கும் டிக்‌ஷனரியைச் சதுர அடைப்புக்குறி போட்டுப் படித்த இடங்களையெல்லாம் 'கெட்' என்று மாற்றி, கீ இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட்டாகப் பூஜ்யம் வைத்ததும் ஓடிவிட்டது என்றாய். எத்தனை இடம் என்றேன். முப்பதுக்கு மேல் என்றாய்.

நீ ஸ்கூலில் படித்தபோது பால் சொசைட்டிக்கு நான் பைத்தானில் பில் புரோகிராம் எழுதிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? வாரத்துக்கு ஒரு பில். ஒவ்வொரு உறுப்பினருக்கும் காலை, மாலை என்று 14 வேளை. வேளைக்கு எத்தனை லிட்டர், ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு என்று பதிவு. எனக்கும் அந்தக் கீ எரர் வந்தது. நானும் லிட்டருக்கும் ஃபேட்டுக்கும் கெட் போட்டு, பூஜ்யம் வைத்தேன்.

அடுத்த வாரம் ஓர் அம்மா பால் அட்டையோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "மாடு அதேதான், தீவனம் அதேதான். ஃபேட் மட்டும் எப்படிங்க குறையும்?" உட்கார்ந்து பார்த்தேன். டெஸ்ட் மெஷின் ஓடாததால் அவருக்கு இரண்டு வேளை ஃபேட் பதிவாகவில்லை. மற்ற 12 வேளையின் சராசரி 4.2. என் புரோகிராம் அந்த இரண்டு வேளைக்கும் பூஜ்யம் வைத்து 14-ஆல் வகுத்து, 3.6 என்று போட்டிருந்தது. எரர் எதுவும் வரவில்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

லிட்டருக்கு வைத்த பூஜ்யம் சரி. பதிவு இல்லையென்றால் அந்த வேளை பால் ஊற்றவில்லை என்றுதான் அர்த்தம். ஃபேட் பதிவு இல்லையென்றால் அளக்கவில்லை என்று அர்த்தம். அளக்காததைப் பூஜ்யம் என்று எழுதியது நான். அங்கே கீ எரர் வந்து பில் நின்றிருந்தால் எவ்வளவோ நல்லது, கண்ணு. ஃபேட்டுக்குப் பழையபடி சதுர அடைப்புக்குறியையே வைத்து, அந்த எரரைப் பிடித்து, அளக்காத வேளைகளைத் தனிப் பட்டியலாக அச்சிட வைத்தேன். அந்த அம்மாவுக்கு விட்டுப்போன பணத்தை மறுவாரமே கொடுக்கச் செய்தோம்.

டிஃபால்ட் சொல்லாமல் வெறும் கெட் போட்டாலும் கவனம். 'நன்' (None, அதாவது மதிப்பே இல்லை) வரும், அது பத்து வரி தள்ளி ஏதோ ஒரு கூட்டலில் போய் வெடிக்கும், மூலம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கெட்டுக்குப் பின்னால் 'ஆர்' (or) போட்டு டிஃபால்ட் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். ஒருவருக்குப் பிடித்தம் உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தால், அதையும் இல்லாததாக எடுத்துக்கொண்டு உன் டிஃபால்ட்டைப் பிடித்துவிடும்.

2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த, இல்லாத கீக்குத் தானே டிஃபால்ட் வைக்கும் 'டிஃபால்ட்டிக்ட்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர்வாரியாக உறுப்பினர்களைப் பிரிக்க, டிஃபால்ட்டாகக் காலி லிஸ்ட் வைத்தால் வேலை சுளுவாக முடிந்துவிடும். ஆனால் இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குறியில் சும்மா படித்தாலே அதைப் புதிதாகச் சேர்த்துவிடும். ஒருமுறை ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்துப் பார்த்ததில், பட்டியலில் இல்லாத ஊர் ஒன்று முளைத்தது. இருக்கிறதா என்று மட்டும் பார்க்க 'இன்' (in) போதும். எண்ணிக்கை எடுக்க மட்டும் என்றால் 'கவுண்டர்' நல்லது. இல்லாத கீக்குப் பூஜ்யம் சொல்லும், ஆனால் உள்ளே சேர்க்காது.

சரி, அந்த முப்பது இடங்களையும் ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கீ இல்லையென்றால் 'நடக்கவில்லை' என்று அர்த்தமா, 'தெரியவில்லை' என்று அர்த்தமா என்று குறி. சந்தேகமாக இருப்பதை மட்டும் சனிக்கிழமை போனில் படி, சேர்ந்தே பார்ப்போம். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள், டப்பா வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா