காஜா

விருதுநகர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பானு,

உன் டீசல்தான் எழுதுகிறேன், ஒன்பது மாதம் கழித்து. திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

எல்லாரும் நலம்தானே? அத்தானுக்குக் கால் கட்டு பிரித்தாயிற்றா? குட்டிப்பையன் இன்னும் சுவரை நக்குகிறானா? சரி.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். தை மாதம் உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு வராததற்கு, பேப்பர் திருத்தப் போய்விட்டேன் என்று சொன்னேன் அல்லவா? பேப்பரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பத்திரிகையில் ‘நான்காம் தளம்’ என்று போட்டிருந்தது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்று நீயே சொல்லியிருந்தாய். அப்போது எனக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடவே நடுப்படியில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. உன் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. அதுதான் விஷயம். நீ அனுப்பிய சுருள் முறுக்கைக் குற்ற உணர்ச்சியோடே தின்றேன். தின்றேன் என்பதையும் பதிவு செய்துகொள்.

ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு வருடம் என்னை இன்ஹேலர் உறிஞ்ச வைத்திருந்தார்கள். வைகாசியில் ஒரு ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் விடுகிறது. இருமினால் சளி ரோஸ் நிறத்தில் வந்தது. இவர் லுங்கியோடு கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். ஆக்சிஜனும் ஊசியுமாக விடிந்தபின், இரவுப் பணியில் இருந்த டாக்டர் பெண், நம்மைவிடச் சின்னவள், என்னை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். அப்புறம் ஒரே கேள்வி: “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?”

வந்தது. ஒன்பது வயதில். முதலில் வலது முட்டி வீங்கியது. அது வடிந்ததும் இடது கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. பாட்டி கண்ணேறு என்றாள். அதற்கு முன்னால் வந்துபோன தொண்டைப் புண் யாருக்கும் ஞாபகமில்லை. அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிவிட்ட படை, ஆள் தெரியாமல் மூட்டையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்குமாம். மூட்டு ஆறிவிடும். வால்வு ஆறாது, வருடக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் 21 நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. போட்டுக்கொண்டு வந்து இரண்டு நாள் ஒருபக்கமாக உட்காருவேன். அப்பா இறந்துபோன வருடம் அது நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை பானு, நின்றுபோனது. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நாற்பது வயது வரையாவது போட வேண்டுமாம்.

ஆக, ஹாஸ்டலில் மூன்றாம் மாடி அறைக்கு ஏறிவரும்போது நான் விட்ட புகைக்கெல்லாம் காரணம் இருந்திருக்கிறது. மலைக்கோட்டையில் நீங்கள் எல்லாரும் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போய்விட, நான் தாயுமானவரோடு உட்கார்ந்துகொண்டேனே, அதற்கும். கிளியிடம் சொல், டீசல் என்று பேர் வைத்ததற்காக அழவேண்டாம் என்று. அவள் அழுதால் நிறுத்தத் தெரியாது.

இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வு, நல்ல நிலையில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். என்னுடையது 0.9. டாக்டர் படம் வரைந்து, “ரெண்டு இதழும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு, நடுவுல சட்டைப் பட்டன் ஓட்டை மாதிரி மிச்சம் இருக்கு” என்றார். இவரும் நானும் விழித்தோம். முப்பது வருடமாகத் தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு அழும் என் அம்மா மட்டும், “காஜாவா?” என்றாள். ஆமாம், காஜா. “பிரிச்சு விட்ரலாமா?” என்றாள். பிரிக்கலாம், அதுதான் பலூன் என்றார் அவர். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “துணி எப்படியிருக்கு? நைஞ்ச துணியா இருந்தா ஓரத்துல நிக்காதே, கிழிஞ்சு உள்ள போயிருமே” என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் சொல்ல வந்ததே அதுதானாம்.

அந்தத் துணிக்குத்தான் மார்க் போடுகிறார்கள். தடிப்பு, அசைவு, சுண்ணாம்புப் படிவு, கீழே தாங்கும் நாண்களின் நிலை என்று நாலு பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, மொத்தம் 16. இதில் குறைய வாங்குகிறவள்தான் கெட்டிக்காரி. எட்டோ அதற்குக் கீழோ இருந்தால் பலூனுக்கு நல்ல வால்வு. என் எக்கோவை, அதுதான் இதய ஸ்கேனை, பார்த்து இந்த டாக்டர் 8 போட்டார். அதே எக்கோவைப் பார்த்து ஆபரேஷன் செய்கிற டாக்டர் 9 போட்டார். “துணி ஒண்ணுதான், தொட்டுப் பாக்குற கை ரெண்டு” என்றாள் அம்மா. ஒரு மார்க்கில் என் நெஞ்சு பிளக்கப்படுமா இல்லையா என்பது தொங்குகிறது பார். மாணவர்கள் ஒரு மார்க்குக்காகக் கெஞ்சி வரும்போது இனிமேல் முகம் சுளிக்க மாட்டேன்.

பலூன் என்றால் வலது தொடை இடுக்கில் ஒரு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, இதயத்தின் நடுச்சுவரில் ஊசியால் துளைத்து இடப்பக்கம் போய், ஒட்டின இடத்தில் பலூனை விரிக்கிறது. மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் கிடையாது, அந்த இடத்தை மட்டும் மரக்கவைப்பார்கள். இதைக் கண்டுபிடித்த கான்ஜி இனோவே என்கிற ஜப்பானியர் கத்தி பிடிக்கிற இதய அறுவை மருத்துவர். நெஞ்சைத் திறக்கிறவரே திறக்காமல் ஒரு வழி தேடியிருக்கிறார். 1982-இல் முதலில் செய்து, 1984-இல் எழுதி வெளியிட்டார். பலூன் முதலில் முன்பக்கம் உப்பும், பிறகு பின்பக்கம், இரண்டும் வால்வை உடுக்கை மாதிரி கவ்விக்கொண்டபின் கடைசியில் இடுப்பு விரியும். இதில் உனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு: பலூனின் அளவை உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சென்டிமீட்டரில் உயரத்தைப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் மில்லிமீட்டரில் அளவு. எனக்கு 25. உனக்கு என்றால் கிடங்கிலிருந்து தனியாக எடுத்துவர வேண்டியிருக்கும், ஒட்டகமே.

0.9 என்பது 1.8 ஆனால் வெற்றி. நாலு ஆகாது. சிலருக்கு ஓரத்தில் நிற்காமல் இதழே கிழிந்து கசிய ஆரம்பிக்கும். பெரிதாகக் கிழிந்தால் அன்றைக்கே ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் பத்து, பதினைந்து வருடத்தில் மறுபடி சுருங்கும். சிலருக்கு அதற்கும் முன்னாலேயே.

இங்கேதான் வீட்டில் சண்டை. என் மாமியாருக்கு ‘தற்காலிகம்’ என்ற சொல்லே ஆகாது. “திரும்பத் திரும்ப எதுக்கு? ஒரேடியா முடிச்சிரலாம்ல?” என்கிறார். கொழுந்தனார் செலவுக் கணக்கு போட்டுக் காட்டுகிறார். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஆறு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் நான் பார்ப்பது தற்காலிக வேலைதானே. அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டு ஃபிரிட்ஜ் வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, பத்து வருடம் என்பது நிரந்தர வேலை மாதிரி.

அதுவும் ‘ஒரேடியா’ என்று ஒன்று கிடையவே கிடையாது. மார்பெலும்பை ரம்பத்தால் அறுத்து, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, என் வால்வை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். உலோக வால்வு வைத்தால் அது என்னைவிட நாள் தாங்கும். ஆனால் ரத்தம் அதில் உறைந்துவிடாமலிருக்க உயிருள்ளவரை தினமும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் சோதனையில் எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. முருங்கைக்கீரையை ஒருநாள் குவித்துப் போட்டுச் சாப்பிட்டால் கணக்கு சாயும். திசு வால்வு என்றால் அந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதத்தோடு போகும். ஆனால் அது தேயும். வயதானவர்களுக்கு மெல்லத் தேயும், இளவயதில் வேகமாகத் தேயும். கணக்கியல் வகுப்பில் தேய்மானம் நடத்துகிறவளிடமே இதைச் சொன்னார்கள்! அப்படியானால் நாற்பதில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை ரம்பம். தற்காலிகம்தானே அதுவும்?

குழந்தை விஷயம் இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடும். 0.9 வழியாக அது போக முடியாது, நுரையீரலில் தேங்கும். ஆகவே வால்வைச் சரிசெய்யாமல் பேச்சே இல்லை. உலோக வால்வு வைத்துக்கொண்டு போனால், அந்த மாத்திரை ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை சிசுவைப் பாதிக்கலாம். நிறுத்தி ஊசிக்கு மாறினால் அம்மாவின் வால்வில் ரத்தம் கட்டலாம். இருவரில் ஒருவர் பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். பலூனில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லாருக்கும் இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. மாமியாரே இதைக் கேட்டதும் பலூன் கட்சிக்கு மாறி, தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டுவிட்டார்.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். மூன்று மாதமாக என் இதயத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால், அது யாரோ ஒரு குழந்தை வந்து தங்கப்போகிற வீட்டுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கிற பேச்சு மாதிரி இருக்கிறது. எனக்கும் குழந்தை ஆசை உண்டு. ஆனால் அது இல்லையென்றாலும் எனக்கு மூச்சு வேண்டும் பானு. பாடம் நடத்தும்போது ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். இதை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. இவரிடம் ஒருநாள் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் மூன்றாவது தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் அப்படித்தான்.

வாய்வழியாக எக்கோ எடுக்கிற அன்று (அதைப் பற்றிக் கேட்காதே, விரல் தடிமனில் குழாயை விழுங்கச் சொல்கிறார்கள், மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க, எனக்கு இல்லை) பக்கத்துக் கட்டிலில் ஓர் அக்கா. இருபத்திரண்டில் பலூன், அப்புறம் ஒரு பெண் பிள்ளை, முப்பத்தாறில் உலோக வால்வு. ராத்திரி விளக்கணைத்தபின் எனக்கே கேட்டது, டிக் டிக்கென்று. பொண்ணு பரீட்சைக்குப் படிக்கும்போது, “அம்மா, நீ அந்தப் பக்கம் போ, உன் சத்தம் கேக்குது” என்று விரட்டிவிடுவாளாம். அவருக்குள் இருப்பது திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான வால்வு. மூன்று வடிவங்கள் தோற்று நாலாவது தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்களாம். அரியர் வைத்துத் தேறினவர்கள்மேல் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு, உனக்குத் தெரியாததா. “பதினாலு வருசம் குடுத்துச்சு பலூன். அதுக்கு மேல நான் கேக்கல” என்றார் அந்த அக்கா. அவருக்குப் பதினாலு. எனக்கு எவ்வளவோ. ஒன்பது மார்க் போட்டவர் சொன்னதே சரியாக இருந்தால் நாலைந்து வருடத்தில் நானும் ரம்பத்துக்குத்தான் போவேன். அப்போது மாமியார் “அப்பவே சொன்னேன்” என்பார். சொல்லட்டும்.

பலூன்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாக் கணக்கையும் பார்த்துத்தான் போட்டேனா, ரம்பத்துக்குப் பயந்து போட்டுவிட்டுக் கணக்கைப் பிறகு தேடிக்கொண்டேனா, சத்தியமாகத் தெரியவில்லை. விடியற்காலையில் ஒன்று மாதிரியும், ராத்திரியில் இன்னொன்று மாதிரியும் தோன்றுகிறது.

அடுத்த மாதம் 12-ஆம் தேதி, மதுரையில். முந்தின நாளே சேர வேண்டும். நீ வர வேண்டும். அறிவுரை சொல்ல அல்ல. அதற்கு இங்கே ஆள் வரிசையில் நிற்கிறது. உள்ளே போகும்போது நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். வெளியே அம்மாவும் மாமியாரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நடுவில் உட்கார அகலமான ஆள் ஒன்று தேவைப்படுகிறது. நம் ஹாஸ்டல் வார்டன் மிலிட்டரியிடமே ஆறு மாதம் லீவு கடிதம் ஏமாற்றி வாங்கினவள், ஒரு நாள் உன் மேனேஜரை ஏமாற்ற முடியாதா?

கிளியைக் கூட்டிவராதே. அவளுக்குப் பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
டீசல்

பி.கு.: அந்த மயில்கழுத்து பிளவுஸ் துணி வருடக்கணக்காக அம்மாவிடம் கிடக்கிறது. வரும்போது அளவு ரவிக்கை கொண்டுவா. கல்லூரிக் காலத்து அளவைக் கொண்டுவந்து என்னைச் சிரிக்க வைக்காதே, தையல் போட்ட இடம் வலிக்கும். தையலே கிடையாதாம், சும்மா எழுதினேன்.