மெஷினுக்கு காசு இருக்கு, ஆளுக்கு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மனுஷ செல்லை வெச்சு 3டி பிரிண்டர்ல ஈரல், கிட்னி எல்லாம் செய்யப் போறாங்கன்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இதுக்கெல்லாம் காசு யாரு குடுக்கறாங்க எப்படி குடுக்கறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதறேன். நான் டாக்டரும் இல்ல சயின்டிஸ்டும் இல்ல, பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடற டேனரில மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்க அக்கா பொண்ணு பயோடெக் படிச்சிட்டு ஆந்திராவுல ஒரு காலேஜ்ல இதே மாதிரி ப்ராஜெக்ட்ல இருந்துச்சு, அது சொல்லி கொஞ்சம் தெரியும், மீதி நானா தேடிப் படிச்சது.

முதல்ல, முழு ஈரல் நாளைக்கே வந்துடும்ங்கற மாதிரி எழுதாதீங்க சார். ரத்தக்குழாய்ல இருந்து ஆக்ஸிஜன் தானா ஊறிப் போறது 100, மிஞ்சிப்போனா 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேந்தாதான் ஒரு மில்லிமீட்டர்), அதுக்கு மேல தடிமனா செஞ்சா நடுவுல இருக்கற செல் செத்துரும். எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். தோலைப் பதப்படுத்தற க்ரோம் உப்புக் கரைசல் இருக்கற டிரம்ல தோலைப் போட்டு சுத்த விட்டு, நடுவுல ஒண்ணை வெளிய எடுத்து தடிமனான எடத்துல கத்தியால வெட்டிப் பாப்பாங்க, ரெண்டு பக்கமும் நீலம் ஏறியிருக்கும், நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு கோடு நிக்கும், அந்தக் கோடு மறையற வரைக்கும் டிரம் ஓடிட்டே இருக்கணும். செத்த தோலு எவ்ளோ நேரம் வேணா காத்திருக்கும், உயிரோட இருக்கற செல் காத்திருக்காது, அதனால திசுக்குள்ளயே மெல்லிசா குழாய் விட்டு பம்ப் வெச்சு ஓட்டியே ஆகணும், குழாய் பம்ப் பிரஷர்னு வந்துட்டா அது இன்ஜினியர் வேலை, டாக்டர் மட்டும் உக்காந்து யோசிச்சா ஆகற காரியம் இல்ல.

2022ல ஹைதராபாத்ல எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரி, ஐ.ஐ.டி., செல் ஆராய்ச்சி பண்ற சி.சி.எம்.பி. மூணும் சேந்து 3டி பிரிண்டர்ல கார்னியா (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற சவ்வு) செஞ்சு முயலுக்கு வெச்சாங்க. கார்னியாவுல ரத்தக்குழாயே கிடையாது, மெல்லிசு வேற, அதனால அது முன்னாடி வந்துச்சு. அதுக்கே மூணு எடத்து ஆளுங்க கூடி உக்கார வேண்டியிருந்துச்சு பாருங்க.

ஆனா நம்ம ஊர்ல காசு வர்ற வழி எப்படி? எல்லாம் மத்திய அரசு அமைப்புதான், டாக்டர்னா மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.எம்.ஆர்., செல் பத்தினதுன்னா பயோடெக் துறை டி.பி.டி., இன்ஜினியர்னா அறிவியல் தொழில்நுட்பத் துறை டி.எஸ்.டி., ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபாரம் தனி கமிட்டி, பெரும்பாலும் மூணு வருஷ ப்ராஜெக்ட். அக்கா பொண்ணு இருந்த எடத்துல மெஷின் வந்து எறங்கி, அதை ஓட்டக் கத்துக்கறதுக்குள்ளயே காலம் முடிஞ்சிருச்சு, கடைசி தவணை ஸ்டைபண்ட் மாசக்கணக்கா வரல, கேட்டா, குடுத்த காசை செலவு பண்ணதுக்கு காட்டற யூடிலைசேஷன் சர்டிபிகேட் போகலன்னு பதில். 2023ல இருந்து ஜே.ஆர்.எஃப்.னு சொல்ற இளநிலை ஆராய்ச்சி ஸ்டைபண்டை மாசம் 37,000 ரூபான்னு ஏத்தினாங்க, சந்தோஷம், அது கைக்கு வரணும்ல. இப்ப அந்தப் பொண்ணு பெங்களூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்ணுது, மெஷின் மேல பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருக்காங்களாம்.

ஆராய்ச்சிக்கு காசு குடுக்க அனுசந்தான் ஃபவுண்டேஷன்னு 2023ல சட்டம் போட்டு அஞ்சு வருஷத்துல 50,000 கோடின்னு சொன்னாங்க, அதுலயும் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு வெளிய இருந்து வரணும்னு கணக்கு. 2020-21 கணக்குப்படி நாடு மொத்தமா ஆராய்ச்சிக்கு செலவு பண்ணது ஜி.டி.பி.ல 0.64 சதவீதம். இருக்கற கொஞ்சத்தையும் துண்டு துண்டா பிரிச்சா யாருக்கு என்ன மிஞ்சும்? இந்த விஷயத்துக்காவது டாக்டர், செல் படிச்சவர், இன்ஜினியர் மூணு பேரும் ஒரே கையெழுத்துல காசு வாங்கற மாதிரி, ஏழெட்டு வருஷத்துக்கு குடுங்க.

எங்க பக்கத்தையே பாருங்க, வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட ஸ்டெம் செல் சென்டர், காட்பாடில வி.ஐ.டி., பார்டர் தாண்டினா திருப்பதில ஐ.ஐ.டி.யும், ஐசர்ங்கற அறிவியல் காலேஜும். தோலோட மெயின் சரக்கு கொலாஜன்ங்கற புரதம், அதுல காயத்துக்கு போடற ஷீட் செய்யறது பத்தி சென்னை அடையாறுல இருக்கற தோல் ஆராய்ச்சி நிலையம் சி.எல்.ஆர்.ஐ.ல ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்றாங்க, செல் வளக்கற ஜெல்லுக்கும் கொலாஜன்தான் வேணும். சித்தூர்க்காரங்க வைத்தியத்துக்கு பஸ் ஏறி வேலூர் வர்றாங்க, ஆராய்ச்சிக் காசு மட்டும் ஆந்திரா பார்டர்ல இருக்கற பத்தலப்பல்லி செக்போஸ்ட்லயே நின்னுடணுமா?

முழு உறுப்புக்கு முன்னாடி சின்ன சின்ன திசுவுக்கு காசு போடறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது. மருந்து சோதனைக்கு மிருகத்துக்கு பதிலா இந்த மாதிரி திசுவையும் வெச்சுக்கலாம்னு 2023லயே ரூல் மாத்திட்டாங்க. டேனரி வேலைல க்ரோம் ஒத்துக்காம கை வெடிச்சு அரிச்சு புண்ணாகி நிக்கற ஆளுங்க எத்தனையோ பேர், எந்த க்ரீம் கேக்குது எந்த கிளவுஸ் கேக்குதுன்னு அவங்க கைல போட்டுப் பாக்கறதை விட்டுட்டு லேப்ல வளத்த தோல்ல பாக்கலாமே, அது கிட்னி மாதிரி இருபது வருஷம் காத்திருக்கற விஷயமும் இல்ல.

அப்புறம் ஒண்ணு, பட்ஜெட் போடும்போது மெஷினுக்கு மட்டும் போடாம அதைப் பாத்துக்கற டெக்னீஷியனுக்கும் நிரந்தர சம்பளம்னு ஒரு வரி சேக்கச் சொல்லி எழுதுங்க சார். பம்ப் சீல் மாத்தத் தெரிஞ்ச ஆளு எங்க ஊர்லயே நிறைய இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு டேனரி ஃபிட்டர்,
பேரணாம்பட்டு