23 வயதில் எம்.பி.

ஆசிரியருக்கு,

பிரிட்டன் அரசியல் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் முன்னாள் தலைவர் சார்லஸ் கென்னடி என்றதும் ஈராக் போர் எதிர்ப்பு, குடிப்பழக்கம், பதவி விலகல், அவ்வளவுதானா? அவர் நாடாளுமன்றத்துக்கு உள்ளே வந்த கதையை விட்டுவிட்டீர்களே.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்த பையன், 1983 தேர்தலுக்காக ஸ்காட்லாந்து திரும்பி வந்து, சோஷியல் டெமாக்ரடிக் கட்சி வேட்பாளராக ராஸ், க்ரோமார்ட்டி அண்ட் ஸ்கை தொகுதியில் நின்று, எரிசக்தித் துறை இணை அமைச்சர் ஹேமிஷ் கிரேயையே தோற்கடித்தார். வயது 23, அப்போதைய அவையிலேயே இளையவர். (தோற்ற கிரேயை பிரதமர் தாட்சர் பிரபுக்கள் சபைக்கு அனுப்பி மறுபடி அமைச்சராக்கினார், அது வேறு கதை!)

அந்தத் தேர்தலில் அவர் கட்சி லிபரல் கட்சியோடு சேர்ந்து அமைத்த கூட்டணி சுமார் 25 சதவீத வாக்கு வாங்கியும் கிடைத்தது 23 இடங்கள்தான். இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கிய லேபர் கட்சிக்கு 209. சரி, அப்புறம் 1987 தேர்தல் முடிந்து லிபரல்களோடு ஒரே கட்சியாக இணையலாமா என்ற பேச்சு வந்தபோது, சோஷியல் டெமாக்ரடிக் கட்சித் தலைவர் டேவிட் ஓவன் கூடாது என்று பிடிவாதமாக நிற்க, அந்தக் கட்சியில் மிஞ்சியிருந்த ஐந்து எம்.பி.க்களில் முதலில் இணைப்பை ஆதரித்தவர் கென்னடிதான். குடியைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி. அடுத்த முறை இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஒரு வாசகர், திருச்சி