90 சென்டிமீட்டர் பட்டுக்குப் பட்ட கடன்

முறுக்குப் பட்டறை ஐயா, தறிக்கார அண்ணன், சாயப்பட்டறை அண்ணன், பிரிண்டிங் மாஸ்டர், ஓரம் தைக்கும் அக்காமார், பார்சல் கட்டும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் புதிதாகத் தொடங்கிய பட்டு ஸ்கார்ஃப் தொழிலின் முதல் 100 ஸ்கார்ஃபும் போய்ச் சேர்ந்துவிட்டன. பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் பிராண்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. இங்கும் பெயர் போடவில்லை. “பேரைப் போட்டா நாளைக்குப் பத்துப் பேர் வாசல்ல நிப்பான்” என்று நீங்களே தடுத்துவிட்டீர்கள். ஆகவே நீங்கள் செய்த வேலையைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடிட்டராக இருந்த ஒருவரும் வக்கீலாக இருந்த ஒருவரும் சேர்ந்து எழுதுகிற மடல்; எண்ணும் சட்டமும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி தறிக்கார அண்ணனுக்கு. 90-க்கு 90 சென்டிமீட்டர் சதுரம் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். ஹெர்மெஸ் 1937-இல் பட்டுச் சதுரங்களைக் கொண்டுவந்ததிலிருந்து உலகம் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. துணி 18 மொம்மே. மொம்மே என்பது பட்டுத் துணியின் எடைக்கணக்கு; ஒரு மொம்மே சதுர மீட்டருக்கு 4.34 கிராம், ஆக 18 மொம்மே 78 கிராம், ஒரு ஸ்கார்ஃப் 63 கிராம். நூறுக்கு 6.3 கிலோ நூல் போதும் என்று காகிதம் சொல்லும். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “காய்ச்சினதுக்கு அப்புறமா, முன்னாடியா?”

கோராப் பட்டின், அதாவது காய்ச்சாத பட்டின், மேல் இருக்கும் இயற்கைப் பசை, காய்ச்சும்போது கரைந்து எடையில் 22 முதல் 25 விழுக்காட்டைக் கொண்டுபோய்விடும். 63 கிராம் கையில் நிற்க வேண்டுமானால் தறியில் 82 கிராம் ஏற வேண்டும். நூறுக்கு 8.2 கிலோ, பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) முனையில் வீணாவதும் சோதனைத் துண்டும் சேர்ந்தால் 9 கிலோவுக்குக் குறைந்து தொடங்கவே கூடாது. அகலமும் அப்படித்தான். ஓரச் சுருட்டலுக்குப் பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் போகும் என்பதால் வெட்டும் அளவு 92. காய்ச்சினால் துணி சுருங்கும் என்பதால் தறியில் 38 அங்குலம். இது தெரியாமல் 36 அங்குலத்தில் நெய்தால் அந்தப் பாவு முழுக்கக் கைக்குட்டைக்குத்தான் ஆகும்.

இரவில் தறியை விட்டு எழும்போது பாவைத் தளர்த்திவிட்டுப் போகும் பழக்கத்துக்கும் நன்றி. இழுத்த பாவு இழுத்தபடியே கிடந்தால் மறுநாள் காலை முதல் சில ஊடைகள் (குறுக்கு நூல்கள்) நெருக்கமாகவோ இடைவெளி விட்டோ விழும். கோராத் துணியில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறியதும் குறுக்கே ஒரு பட்டை மாதிரி எழுந்து நிற்கும். சாதா நெசவில் ஓரளவு மறையும். ட்வில்லில் சாய்வு வரி ஓடுவதால் ஒரு மிதி மாறினாலே வரி முறிந்துவிடும், மறைக்க வழியே இல்லை. முறுக்குப் பட்டறை ஐயாவுக்கும் இதில் பங்கு உண்டு. முறுக்கு கூடினால் பளபளப்புச் செத்துவிடும், குறைந்தால் காய்ச்சும்போது இழை பிரிந்து பூப்பூவாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தும் கை உங்களுடையது.

சாயப்பட்டறை அண்ணே, உங்களுக்குத்தான் பெரிய கடன். பட்டுத் துணி காய்ச்சுவதை “சோப்புத் தண்ணியில கொதிக்க விடுறது” என்று எளிதாகச் சொல்பவர்கள் ஒருமுறை உங்கள் பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 30 லிட்டர் தண்ணீர், 200 முதல் 250 கிராம் சோப்பு, 90 முதல் 95 டிகிரி. கொதிக்கவே விடக்கூடாது. குமிழி எழும்பித் துணியோடு துணி உரசினால் இழை மேலே சிராய்த்துக்கொள்ளும். வெள்ளையில் தெரியாது, கருநீலம் போட்டால் சாம்பல் தூவின மாதிரி கோடு கோடாக வரும். சிராய்ந்த துணிக்கு எந்தச் சாயமும் மருந்தில்லை. அதனால்தான் துணியைச் சுருட்டிப் போடாமல் மடிப்பு மடிப்பாகக் கழியில் தொங்கவிட்டீர்கள், அதனால்தான் வெப்பமானியை எங்கள் கையில் கொடுத்து அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தீர்கள்.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சாயம் ஏறாது. சாயம் மோசம் என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் தண்ணீரோடுதான் சண்டை போட வேண்டும். ஒரு பாட்டிலில் தண்ணீரும் சோப்புச் சீவலும் போட்டுக் குலுக்கி, நுரை நிற்கிறதா, தயிர் திரிந்த மாதிரி ஆகிறதா என்று பார்க்கும் உங்கள் சோதனைக்குப் பத்துப் பைசா செலவில்லை. திரிந்தால் மென்னீர் லாரி சொல்ல வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை.

பிரிண்டிங் மாஸ்டருக்கு. டிஜிட்டல் பிரிண்ட் மலிவு, வேகம், நிறத்துக்குக் கணக்கே இல்லை. ஆனால் மை பெரும்பாலும் மேலேயே தங்கும், பின்பக்கம் வெளிறித் தெரியும். கழுத்தில் கட்டும் துணிக்கு இரண்டு பக்கமும் முகம்தான். எட்டு நிறத்துக்கு எட்டு ஸ்கிரீன் என்று பிடிவாதமாக நின்றீர்கள். ஸ்கிரீன் வலையில் பெரிய பரப்புக்குச் சென்டிமீட்டருக்கு 55 இழை, மெல்லிய கோட்டுக்கு 77. பக்கத்து நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று அரை மில்லிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் வெள்ளைக் கீற்று பல்லைக் காட்டும்.

சாயம் பிடிக்க ஆவி கட்டும்போது 100 முதல் 102 டிகிரியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். மூடியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அந்த இடத்தில் நிறம் பரவிவிடும்; உள்ளே கட்டும் பருத்தித் துணியும் கம்பளியும் அதற்குத்தான். அலசும்போது முதலில் ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், நிறைய. வெந்நீரில் தேங்க வைத்தால், ஒட்டாமல் இருக்கும் சாயம் இறங்கி வெள்ளைத் தரையைக் கெடுத்துவிடும். கடைசி வரை பிரிண்ட் பசை போகாவிட்டால் துணி அட்டை மாதிரி விறைக்கும். மூன்று துண்டுகளைக் கையில் கசக்கிப் பார்த்துவிட்டு “இன்னொரு அலசு” என்று திருப்பி அனுப்பினீர்களே, அந்த ஒரு அலசுக்கு நன்றி. வியர்வையில் சாயம் நிற்குமா என்று ஆய்வகத்தில் பார்த்தே தீர வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். தேய்ப்புச் சோதனையில் தேறிய சிவப்பு, வியர்வைச் சோதனையில் தோற்பது உண்டு. கழுத்துக்குப் போகிற பொருளுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஓரம் தைக்கும் அக்காமாருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சதுரத்தின் சுற்றளவு 360 சென்டிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் 900 தையல். பத்தாம் நம்பர் ஊசி, ஒற்றைப் பட்டிழை. ஆள்காட்டி விரலை லேசாக ஈரமாக்கி, வெட்டிய விளிம்பை உள்ளே தள்ளி உருட்டி, உருளையின் வயிற்றில் ஊசியை ஓட்டி, அடித்துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வி இழுப்பது. இழையை ஒரு மயிரளவு கூடுதலாக இழுத்தால் ஓரம் சுருங்கி அலை அலையாகும். தளர்த்தினால் உருளை பிரியும். மூலையில் நுனியைக் குறுக்கே சிறிது கத்தரிக்காவிட்டால் நாலு மடிப்புத் துணி சேர்ந்து பட்டாணி மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். பழகிய கைக்கு ஒரு ஸ்கார்ஃபுக்கு ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் கண் ஒத்துழைக்காது.

பீஸ் ரேட் வேண்டாம், மணிக்கூலி கொடுங்கள் என்று மூத்த அக்கா சொன்னது தொழிலைக் காப்பாற்றிய யோசனை. பீஸ் கணக்கில் தைத்தால் 4 மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாமல் 7 ஆகும். பார்சல் கட்டும் தம்பிக்கும் அக்கா சொன்ன ஒரு சொல்: ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. படிந்துபோன உருளை மெஷின் தையலாகத்தான் தெரியும், ஒரு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் போச்சு.

பழைய ஆபீஸ் நண்பர்களுக்கும் சீனியர்களுக்கும் சுருக்கமாக. பிராக்டீஸில் இருக்கும் ஆடிட்டர், சி.ஏ. இன்ஸ்டிடியூட் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் வேறு தொழில் நடத்த முடியாது. வக்கீல் நேரடியாக வியாபாரம் செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 47 சொல்கிறது. ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் இந்த இரண்டையும் முடிக்கச் சொன்னதற்கு நன்றி. ஐந்து வருடம் முடியாமல் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி விழும் என்று நினைவூட்டியதற்கும், கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிவதால் சொந்தப் பாலிசியை முன்கூட்டியே எடுக்க வைத்ததற்கும்.

டிசைனைப் பதிவு செய்யச் சொல்லி நச்சரித்த தோழிக்குத் தனி நன்றி. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 15-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 படிக்கு மேல் அடித்துவிட்டால் அதன் மீதான காப்புரிமை போய்விடும். பதிவும் வெளியிடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் புதுமை என்ற வாதம் நிற்காது.

கஸ்டம்ஸ் ஏஜெண்ட் சாருக்கு. 60 சென்டிமீட்டருக்கு மேல் எந்தப் பக்கமும் போகாத சதுர ஸ்கார்ஃப், சுங்கக் கணக்கில் கைக்குட்டை, தலைப்பு 6213. அதற்கு மேல் போனால் 6214. கடையில் நாம் என்ன பெயர் வைத்து விற்றாலும் சரி. 53 சென்டிமீட்டர் கழுத்துத் துண்டையும் 90-ஐயும் ஒரே எண்ணில் போட்டிருந்தால் பில் திரும்பியிருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் மெல்லிய பட்டுக்குத் தீச்சோதனை கேட்பார்கள் என்பதும் உங்கள் வாயால்தான் தெரிந்தது. சதுர மீட்டருக்கு 88 கிராமுக்குக் கீழே உள்ள பட்டுக்கு அங்கே விலக்கு கிடையாது. நம் 78 கிராம் துணியும் அதில் அடக்கம். சல்லாத் துணி மாதிரி மெலிந்தவைதான் அதிகம் தோற்கும். சோதனைக்கென்று ஒரு மீட்டர் துணியை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

பாக்கி விவரம்: மணிக்கூலி இந்தச் சனிக்கிழமை வரை கணக்கு முடிந்தது. ஸ்கிரீன் செலவின் மீதி அடுத்த வாரம் வரும், மாஸ்டர். அண்ணே, உங்கள் வெப்பமானி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அண்டா ஏற்றுவதற்குள் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டில் தொழில் பழகும் இருவர்