பெயர் வைக்குமுன்

சிங்கப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

மனிதர் மாறுவதைப் பற்றிய உன் தத்துவத்துக்கும் அதைச் சொல்லித்தரும் வகுப்புக்கும் வைக்க நீ அனுப்பிய நான்கு பெயர்களில் 'மனித மாற்றவியல்' முதலில் நிற்கிறது. அதை எடுத்துவிடு. 'இயல்' என்று முடிந்தால் அது படிக்கிற துறை: உளவியல், வானியல். நீ சொல்லித்தரப் போவது நடந்து பழகவேண்டியது, அதற்கு 'நெறி' பொருந்தும். மார்க்சியம், பெண்ணியம் போல 'இயம்' வைத்தாலோ கட்சி கட்ட ஆள் வந்துவிடும்.

பெரிய சிக்கல் 'மாற்றம்' என்ற சொல்லில்தான். மாறு, மாற்று, திருந்து, திருத்து என்று தன்வினையும் பிறவினையும் நம் மொழியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 'மாற்றம்' இரண்டு பக்கமும் போகும். ஆள் தானாக மாறுகிறாரா, நீ மாற்றுகிறாயா? உன் தத்துவத்தின் உயிரே அந்தக் கேள்விதானே! (இங்கே லிட்டில் இந்தியாவில், நம் தேக்காவில், பலகை வைத்தால் நாணயம் மாற்றுகிற கடை என்று உள்ளே வருவார்கள்.)

ஒவ்வொரு பெயரையும் வினையாக்கி, 'நான்' சேர்த்துச் சொல்லிப் பார். 'பண்படுநெறி'க்கு 'நான் பண்படுகிறேன்' நிற்கிறது. 'ரசவாத நெறி' நிற்கவில்லை. செம்பைப் பொன்னாக்கும் ரசவாதத்தில் செம்புக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் ரசவாதியின் கைவேலை. போதாக்குறைக்கு, வருகிறவரை வாசலிலேயே செம்பு என்று சொல்லிவிடுகிறாய்.

'எழுச்சி' அழகுதான். ஆனால் இங்கே பலகையில் ஆங்கில எழுத்தும் இருக்கும். ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவோம். சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறை படித்த சீனர் அதை ஜகரம்போல வாசித்து 'எஜுச்சி' என்பார்.

ஆங்கிலப் பெயரை 'டிரான்ஸ்' என்று தொடங்காதே. உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1957இல் டிரான்ஸ்ஹியூமனிசம் என்று எழுதியபோது, மனிதன் மனிதனாகவே இருந்து தன்னைக் கடப்பதைச் சொன்னார். இன்று அதைக் கேட்டால் உடம்பில் கணினிச் சில்லு பொருத்துவதுதான் நினைவுக்கு வரும்.

பிறகு மாற்ற நேர்ந்தாலும் கூச்சப்படாதே. வள்ளலார் 1865இல் தொடங்கிய 'சமரச வேத சன்மார்க்க சங்கம்' 1872இல் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' ஆயிற்று. 'வேத' போய் 'சுத்த' வந்ததிலேயே அவர் எங்கே வந்து நின்றார் என்று தெரிகிறது.

சிங்கப்பூரில் சங்கமாகப் பதிய குறைந்தது 10 பேர் வேண்டும். பெயரை வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிவதென்றால் பயிற்சி வகுப்புகள் 41ஆம் பிரிவில் வரும், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். செய்கிற வேலையை அப்படியே சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். தமிழ் எழுத்தில் கொடுத்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடு.

மிச்சம் 'பண்படுநெறி'. தொலைபேசியில் ஒரே தடவை சொல்லி, 10 பேரை எழுதச் சொல். 'பன்'னா 'பண்'ணா என்று மூன்று பேர் தடுமாறினால் எனக்கு எழுது, வேறு பார்ப்போம்.

அம்மா