எண்ணெ கம்மி

பெங்களூரு, ஜெயநகர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மாற்றல் உத்தரவைப் பற்றி இரண்டு வரி, ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கம்! ஒரு வருடம் வெளியிலேயே சாப்பிட்டால் சர்க்கரை என்ன ஆகும் என்று புலம்பியிருக்கிறாய். அதே புலம்பலோடு உனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவள் நான். வந்த எட்டு மாதத்தில் ஐந்து கிலோ கூடியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c சோதனையில் 6.3. 5.7-ஐத் தொட்டால் நோய் வாசற்படியில் நிற்கிறது, 6.5 என்றால் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். போன மாதம் 5.9. மாத்திரை இல்லை. ஓட்டலையும் நான் விடவில்லை.

கோளாறு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். நம் சின்ன வயதில் ஓட்டல் என்பது சம்பள நாளில் அப்பா கூட்டிப்போகும் இடம். வீட்டில் செய்யாததைத்தான் கேட்போம்: நெய் ரோஸ்ட், பூரி, போண்டா. இன்று வாரத்தில் ஐந்து நாள் ஓட்டல்தான் எனக்குச் சமையலறை. நாக்குக்கு மட்டும் தினமும் தீபாவளி. உள்ளே நுழைந்ததும் அதே பழைய நெய் ரோஸ்ட்டைத்தான் வாய் சொல்லும்.

இங்கே காலை வேளைக்கு தர்ஷினி என்கிற சின்ன டிபன் கடை. எண்பதுகளில் தொடங்கிய வழக்கம்; நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். முதலில் பணம் கட்டி டோக்கன், பிறகுதான் தட்டு. சிக்கலே அந்த டோக்கனில்தான் இருக்கிறது. கொலைப் பசியில், காபி மணம் மூக்கைத் துளைக்க, இட்லி, வடை, காரா பாத் என்கிற ரவை உப்புமா, அதோடு ஒரு கேசரி பாத் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவோம். வாங்கிய பிறகு கொட்ட மனம் வருமா? இப்போது ஒரே ஒரு டோக்கன்தான் வாங்குகிறேன். சாப்பிட்டு முடித்தும் பசித்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அலுவலகம் போகிற நேரத்தில் அந்த வரிசையைப் பார்த்தாலே பாதிப் பசி அடங்கிவிடும். என் சோம்பேறித்தனம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது இதற்கு மட்டும்தான்.

தோசைக்கல்லின் பக்கத்தில் ஒருநாள் நின்று பார். மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் கல்லைப் பெருக்குவார். ஒரே வீச்சில் பத்துப் பன்னிரண்டு தோசை. மேலே சிவப்புச் சட்னித் தடவல், பிறகு எண்ணெய். அதற்கும் மேல் எலுமிச்சை அளவு வெண்ணெய் உருகி ஓரமெல்லாம் நுரைக்கும். அழகான காட்சிதான், தினமும் உள்ளே தள்ளுகிற காட்சி அல்ல. "எண்ணெ கம்மி ஹாக்கி", அதாவது எண்ணெய் குறைவாக விடுங்கள் என்று சொல்லிப் பார், மாஸ்டர் சிரித்துக்கொண்டே கையைக் குறைப்பார். கன்னடம் கற்க நான் எடுத்த முதல் பாடம் அது. இரண்டாவது, "சக்கரெ பேடா", சர்க்கரை வேண்டாம். சில கடைகளில் காபியில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும், கேட்டுக்கொள்.

இட்லிதான் பத்திரம் என்பாய். ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, சரி. ஆனால் 2025 பிப்ரவரியில் இங்கே பெரிய பரபரப்பு: சில கடைகளில் இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாளைப் போட்டு வேக வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அரசு அதைத் தடுத்தது. அதிலிருந்து இட்லிப் பானையைத் திறக்கும் இடத்தை எட்டிப் பார்க்காமல் நான் டோக்கன் வாங்குவதில்லை. காசாளருக்கு என்மேல் ஒரு சந்தேகம் உண்டு.

மதியத்துக்கு உனக்கு ஒரு பொக்கிஷம் சொல்கிறேன்: வட கர்நாடகக் கானாவளி, அதாவது அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை. வேட்டி காய்ந்தது போல மெல்லிய சோள ரொட்டி, முளைகட்டிய பயறு, மசாலா அடைத்த கத்திரிக்காய்க் குழம்பான எண்ணெகாயி, வேர்க்கடலைப் பொடி, ஓரத்தில் பச்சை வெந்தயக் கீரையும் வெள்ளரியும் வெங்காயமும். எண்ணெகாயியில் மட்டும் பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது. குழம்பை விட்டுக் காயை எடு. சாதாரண மீல்ஸ் கடையில் கோசம்பரி வைப்பார்கள், ஊறவைத்த பாசிப்பருப்பும் துருவிய கேரட்டும். அதையும் பல்யா என்கிற பொரியலையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போ. சோற்றை முதலில் சாப்பிடுவதைவிட இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். அப்பளமும் இனிப்பும் இலையில் விழுவதற்கு முன்பே கையைக் காட்டிவிட வேண்டும். விழுந்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் திடம் நம் இருவருக்கும் கிடையாது, ஹாஸ்டல் நாட்களிலேயே தெரிந்த விஷயம். ராகிக் களியும் கிடைக்கும். ராகி சர்க்கரைக்கு நல்லது என்று என் சக ஊழியர் ஒருவர் மூன்று உருண்டை விழுங்குகிறார். சுண்ணாம்புச் சத்து ஏராளம்தான், ஆனால் அதுவும் மாவுதானே. ஒன்று போதும்.

அலுவலக விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோபி மஞ்சூரியனை மட்டும் தொடாதே. 2024 மார்ச்சில் அதில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று கர்நாடக அரசு தடை போட்டது. நிறம் போனாலும் மைதாவும் பொரித்த எண்ணெயும் அங்கேயேதான் இருக்கின்றன.

மாலுக்குப் போனால் மெனுப் பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படி. பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி அளவைப் போட வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2000 என்பது அவர்கள் சொல்லும் சராசரிக் கணக்கு. ஒருநாள் க்ரீம் போட்ட குளிர்ந்த காபிக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தேன். என் காலை இட்லி இரண்டு முறை அதற்குள் அடங்கிவிடும். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மருமகள்தான் "அத்தை, இப்படி இருந்தால் உங்களோடு எங்கும் போக முடியாது" என்று முகத்தைத் தூக்கினாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்குச் சம்பள நாள். அன்று எட்டிப் பார்ப்பதும் இல்லை, கம்மி சொல்வதும் இல்லை. நீ வந்து சேரும் வாரத்தில் அந்த ஞாயிற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு வெண்ணெய் மசாலா தோசை, இரண்டு தட்டு, பாதிப் பாதி. சாம்பார் இங்கே வெல்லம் போட்டு இனிக்கும். இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து முகம் சுளிக்காதே.

அன்புடன்,
மல்லிகா