ஜெராஷில் பார்த்த கல் அறுக்கும் மெஷின்

இர்பித், ஜோர்டான்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பதிலேயே பொழுது போகிறது. ரூமில் என்னோடு வங்காளதேசத்துக்காரர் இருவர், சமையல் முறை போட்டுத்தான். குப்ஸ் ரொட்டி கடையில் மலிவு. ஆனாலும் ஒரு வேளையாவது சோறு வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை லீவில் ஜெராஷ் போனோம். கெராசா என்ற பழைய நகரம். கிரேக்கர்கள் வளர்த்தது, ரோமானியர் கையில் பணம் கொழித்தது. ஹாட்ரியன் பேரரசர் வந்தபோது, கி.பி. 130 வாக்கில், அவருக்காகக் கட்டிய வரவேற்பு வளைவு இன்னும் நிற்கிறது. நம் ஊரில் மந்திரி வந்தால் மறுநாளே பிரித்துவிடுவோம். உள்ளே முட்டை வடிவ மைதானம், அதிலிருந்து நேராக ஓடும் தூண் வரிசைத் தெரு. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. அடியில் சாக்கடை போகிறது. ரோமானியர் கால நாடக அரங்கில் முன்னாள் ராணுவத்தார் பேக்பைப் என்ற, பை வைத்த குழலை ஊதுகிறார்கள். சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

உங்களுக்கு எழுத வேண்டியது வேறு. ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குக் கீழே, 6ஆம் நூற்றாண்டில் தண்ணீரால் ஓடிய கல் அறுக்கும் மெஷின் ஒன்று இருந்திருக்கிறது. அப்போது ஊர் கிறிஸ்தவ ஊராகி, கோயிலில் வழிபாடு நின்றுபோயிருந்தது. தூண் துண்டுகளையே பலகையாக அறுத்திருக்கிறார்கள். பாதி அறுத்த துண்டுகள் கிடைத்ததால்தான் விஷயமே தெரிய வந்ததாம். அந்த மெஷினைப் போலவே இப்போது ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் கிருஷ்ணகிரியில் நீங்கள் ஓட்டிய கேங் சா, அந்தப் பல பிளேடு கல் அறுக்கும் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. ஜெராஷ் மெஷினில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு பிளேடு, ஒரே நேரத்தில் இரண்டு கல். பிளேடுக்குப் பல் கிடையாது. தண்ணீரும் மணலும் ஊற்றி, தேய்த்துத்தான் அறுப்பது. உங்கள் மெஷினில் மணலுக்குப் பதில் இரும்புக் குருணை, அவ்வளவுதான் வித்தியாசம். சக்கரம் சுற்றுவதை முன்னும் பின்னுமாக மாற்ற கிராங்க் போட்டிருக்கிறார்கள். அதே தத்துவத்தில்தான் நான் பழுது பார்க்கும் தையல் மெஷினிலும் ஊசி ஏறி இறங்குகிறது. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை.

மேலே கோயில் தூண்கள் பதினொன்று நிற்கின்றன. 749இல் வந்த பூகம்பத்தில் ஊரே விழுந்தது, இவை விழவில்லை. ஒருவர் தூணின் அடி இடுக்கில் ஸ்பூனைச் செருகிக் காட்டினார். காற்றுக்குத் தூண் லேசாக அசைய, ஸ்பூனும் ஏறி இறங்கியது. தூண் விறைத்து நிற்காமல் கொஞ்சம் ஆடுவதால்தான் தாங்குகிறது என்றார்.

அப்புறம், நீங்கள் ஒரு கல்லை முழுசாக அறுக்க எத்தனை மணி நேரம் பிடிக்கும்? இரும்புக் குருணை இல்லாமல் வெறும் மணல் என்றால்? இங்கே இருப்பது கிரானைட் அல்ல, சுண்ணாம்புக்கல். தம்பியிடம் சொன்னால் அவன் போனில் அனுப்பிவிடுவான். பணம் சம்பளம் வந்ததும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்